ஆமாம் அண்ணே, ஒரே நாள்தான்!

அம்மாவோடு ஒரே நாளில் ரோமைச் சுற்றிவிட்டு நான் போட்ட படங்களுக்குக் கீழே, முந்தாநாள் கமெண்டில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். "இது பயணமா, அட்டெண்டன்ஸா?" என்று அண்ணன் கேட்டதற்கு அறுபது பேர் சிரித்து வைத்ததும் தூக்கம் போய்விட்டது.

ஆமாம், ஒரே நாள். காலையில் டெர்மினி ஸ்டேஷனில் இறங்கி ராத்திரி அங்கேயே ரயிலேறினோம். என் லீவு, விசா, அம்மாவின் முட்டி மூன்றும் சேர்ந்து கொடுத்தது அவ்வளவுதான்.

பழைய ரோமானிய அரங்கமான கொலோசியத்துக்குள்ளே போகவில்லைதான். டிக்கெட் தீர்ந்துவிட்டது. மெட்ரோவிலிருந்து வெளியே வந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் 1,900 வருஷத்துக்கும் பழைய கட்டடம். அம்மா "யப்பா" என்று நின்றுவிட்டார். உள்ளே போனவர்களுக்கு மட்டும்தான் 'யப்பா' வருமா?

"ஆழமாப் பார்க்கணும்" என்கிறார்கள். பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலில் எல்லோரும் அண்ணாந்து, குவிமாடத்தின் நடுவே திறந்து கிடக்கும் வட்டத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா குனிந்து தரையைப் பார்த்தார். "மழை பெஞ்சா தண்ணி எங்கடா போகும்?" பார்த்தால் பளிங்குத் தரையில் சின்னச் சின்ன ஓட்டைகள். 43 மீட்டர் அகலத்துக்குக் கம்பியே இல்லாத கான்கிரீட் கூரை போட்டவன், தண்ணீருக்கும் வழி விட்டிருக்கிறான். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். இதைவிட ஆழமாக எப்படிப் பார்ப்பது?

தெருவில் ஓயாமல் ஓடும் குழாய்கள். 'நசோனே', அதாவது பெரிய மூக்கு என்பார்கள். மூக்கு நுனியை விரலால் அடைத்தால் மேலே ஒரு ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமலே குடிக்கலாம். முட்டிவலிக்காரருக்கு ரோமாபுரியின் பெரிய அதிசயம் அதுதான்.

"அப்புறம் ஏன் இத்தனை செல்ஃபி?" எங்க காசு, எங்க மூஞ்சி.

அண்ணனுக்கு கம்பெனி செலவில் மூன்று மாதம் ஐரோப்பா. சந்தோஷம். எங்க அம்மா 62 வயதில் பாஸ்போர்ட் எடுத்தவர். விசாவுக்குக் கைரேகை வைக்கும்போது மெஷினில் விழவே இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல். நாலு தடவை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார். இதெல்லாம் அட்டெண்டன்ஸில் வராது.

திரெவி நீரூற்றில் முதுகைக் காட்டிக் காசு போட்டால் திரும்ப வருவோமாம். அம்மாவிடம் ஒரு யூரோ கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, சுருக்குப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துப் போட்டார். அந்தக் காசெல்லாம் காரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு மூலம் ஏழைகளுக்குப் போகிறது என்று அப்புறம்தான் சொன்னேன். "முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு மறுபடி இறங்கிப் போய், முடிச்சை அவிழ்த்து யூரோவையும் போட்டார்.

அந்தப் படமும் ஆல்பத்தில் இருக்கிறது அண்ணே. பதினேழாவது. நீங்கள் கமெண்ட் போட்டது அதற்குக் கீழேதான்.