நீல நிறம் சொன்ன பொய்யும் இருபது ரூபாய் ஸ்ட்ரிப்பும்

எங்கள் தெருவில் ஒரு அக்கா தையல் வேலை பார்க்கிறார். ஐம்பத்தைந்து வயது, காலையும் மாலையும் இன்சுலின். போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது “சுகர் பாத்தீங்களாக்கா?” என்று கேட்டேன். “ஞாயித்துக்கிழமைதாம்பா பாப்பேன், அந்த அட்டை சீக்கிரம் தீந்துருதுல்ல” என்றார். சுகர் பார்க்கும் மெஷின், அதுதான் குளுக்கோமீட்டர், இருக்கிறது. முகாமில் இலவசமாகக் கொடுத்தார்களாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ரத்தச் சொட்டு விட்டு மெஷினில் செருகும் அந்த அட்டைக்கு, அதாவது ஒரு ஸ்ட்ரிப்புக்கு, 20 ரூபாய் சுற்றி ஆகிறது, 50 அடங்கிய டப்பா வாங்கினால் ஆயிரம் ரூபாய். தினமும் இரண்டு ஊசி போட்டுக்கொள்பவர் வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார் என்றால், கிட்டத்தட்ட கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுகிறார் என்று அர்த்தம்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பத்தா ஞாபகம்தான்.

எண்பதுகளில் எங்கள் வீட்டு மாடக்குழியில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, மரப்பிடி வைத்த இடுக்கி, இரண்டு சோதனைக் குழாய், ஒரு நீலத் திரவப் பாட்டில் எப்போதும் இருக்கும். அந்த நீலம் பெனடிக்ட் கரைசல். ஸ்டான்லி பெனடிக்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1900களின் தொடக்கத்தில் உருவாக்கியது. சித்தப்பா அதை 5 மில்லி ஊற்றி, அப்பத்தாவின் சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்பார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல், செங்கல் நிறம் வந்துவிட்டால் வீடே அமைதியாகிவிடும். நாங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று நீலம் நீலம் என்று வேண்டிக்கொள்வோம்.

ஒரு கார்த்திகை அன்று அப்பத்தா விரதம் இருந்தது, ஆனால் சாயங்கால ஊசியை விடவில்லை. நடுராத்திரியில் உடம்பெல்லாம் வேர்த்து ஊற்ற, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தது. சித்தப்பா விளக்கைக் கொளுத்திப் பார்த்தார். நீலம். “சக்கரையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வேற என்னமோ” என்று விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். டவுனுக்குக் கொண்டுபோனபோது டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உடனே குளுக்கோஸ் ஏற்றினார். உயிர் வந்தது, ஆனால் பழைய அப்பத்தா வரவில்லை. கடைசிவரை எங்கள் பெயர்களை மாற்றி மாற்றித்தான் கூப்பிட்டது.

சாப்பிடாமல் இன்சுலின் ஊசி போட்டதில் அப்பத்தாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருந்தது. சித்தப்பா செய்ததில் ஒரு தப்பும் இல்லை. தப்பு சோதனையிலேயே இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மி.கி. தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். 170 இருந்தாலும் நீலம், 35 இருந்தாலும் நீலம். அதுவும் அந்த நேரத்து ரத்தத்தைக் காட்டாது, சில மணி நேரத்துக்கு முன்பிருந்து பையில் சேர்ந்த நீரைத்தான் காட்டும். தாழ்ந்த சர்க்கரையை அது காட்டவே காட்டாது. இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

பிற்பாடு இந்தச் சோதனைகளின் கதையைத் தேடித் தேடிப் படித்ததெல்லாம் அந்த ராத்திரியால்தான். “ஒண்ணுக்கு இருந்த எடத்துல எறும்பு மொய்க்குது” என்பதை வைத்து நோயைச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம், பழைய ஆயுர்வேத நூல்களிலும் அது இருக்கிறது. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் 1674இல் சிறுநீர் இனிக்கிறது என்று எழுதிவைத்தார், நாக்கில் வைத்துப் பார்த்துத்தான். 1776இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் அதை வற்றக் காய்ச்சி, அடியில் நின்றது சர்க்கரைதான் என்று காட்டினார், ரத்தத்தின் தெளிநீரும் இனிக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். அப்படிப் பார்த்தால் நோய் ரத்தத்தில் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து ரத்தத்தைப் பார்க்க இன்னும் இருநூறு வருஷம் ஆனது.

இடையில் நடந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து எல்கார்ட். அங்கே மைல்ஸ் என்றொரு கம்பெனி, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் ஆல்கா செல்ட்ஸர் மாத்திரை விற்றுக்கொண்டிருந்தது. அதே நுரைக்கும் வித்தையை வைத்து 1941இல் கிளினிடெஸ்ட் என்று ஒரு மாத்திரையை இறக்கினார்கள். குழாயில் போட்டால் தானே கொதிக்கும், விளக்கு வேண்டாம். அங்கே ஆராய்ச்சி செய்த ஹெலன் ஃப்ரீ, கல்லூரியில் ஆசிரியர் ஆகத்தான் படிக்கப் போனார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு ஆண்கள் போருக்குப் போகவும், பெண்களை அறிவியலுக்குத் திருப்பினார்கள், அப்படி வேதியியலுக்கு வந்தவர். அவரும் கணவர் ஆல்ஃபிரட் ஃப்ரீயும் சேர்ந்து உருவாக்கிய கிளினிஸ்டிக்ஸ் 1956இல் வந்தது. ஒரு காகிதக் குச்சி, அதன் நுனியில் இரண்டு நொதிகளும் (என்சைம்) ஒரு சாயமும். முதல் நொதி குளுக்கோஸைத் தாக்கினால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், இரண்டாவது அதை வைத்துச் சாயத்தை நிறம் மாற்றும். நனை, பார், அவ்வளவுதான். பெனடிக்ட் கரைசல் வேறு சில சர்க்கரைகளுக்கும் நிறம் மாறும், இது குளுக்கோஸுக்கு மட்டும். இன்றைக்கு லேபில் சிறுநீரில் முக்கியெடுக்கும் பல நிறக் கட்டங்கள் வைத்த குச்சிக்கு மூதாதை இதுதான்.

அறுபதுகளின் நடுவில் அதே கம்பெனி ரத்தத்துக்கும் ஒரு குச்சி கொண்டுவந்தது. ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, தண்ணீரில் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வதில் ஆளுக்கு ஒரு பதில் வந்ததால் அந்த நிறத்தைப் படிக்க ஒரு மெஷின் செய்தார்கள். ஒரு கிலோவுக்கு மேல் எடை, கரண்டில் செருக வேண்டும், விலை பல நூறு டாலர். டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டும்தான் விற்பார்கள். நோயாளி கையில் எதற்கு என்பதுதான் அன்றைய எண்ணம்.

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளருக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே சர்க்கரை நோய், முப்பதுகளிலேயே சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கியிருந்தது. அந்த மெஷின் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்டார், அவருக்குத் தரமாட்டார்கள். மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். தினம் ஐந்து தடவை குத்திப் பார்த்து, எதைச் சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு ஊசிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று கணக்குப் போட்டுத் தன் உடம்பைத் தானே படித்தார். அதை எழுதி அனுப்பினால் நீ டாக்டர் இல்லையே என்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. மனிதர் நாற்பதுகளில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார். 90 வயது வரை இருந்தார். என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே பெரிய ஆள் இவர்தான். மெஷினைக் கண்டுபிடித்தவர் அல்ல, அதை நோயாளியின் கைக்குப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்.

அடிக்கடி பார்த்து அதற்கேற்ப ஊசியைச் சரிசெய்ய வேண்டும் என்று அவர் சொன்னதற்கு உறுதியான ஆதாரம் 1993இல் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைச் சராசரி ஆறரை வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு அது. அடிக்கடி குத்திப் பார்த்து அதற்கேற்ப இன்சுலினைச் சரிசெய்து கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது, சிறுநீரகமும் நரம்பும் கூடத் தப்பின.

சரி, அப்புறம் என்ன ஆனது? 1987இல் பேனா அளவில் எக்ஸாக்டெக் என்ற மெஷின் வந்தது, நிறத்துக்குப் பதில் ஸ்ட்ரிப்பில் உண்டாகும் மின்னோட்டத்தை அளப்பது. இன்று நம் கையில் இருக்கும் மெஷின்கள் பெரும்பாலும் அந்த வழிதான். அங்கேதான் வியாபாரமும் திசை மாறியது. மெஷினை அடிவிலைக்கோ சும்மாவோ கொடு, ஸ்ட்ரிப்பில் சம்பாதி. ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொன்றின் மெஷினில் போகாது, ஒரே கம்பெனியின் பழைய மாடலுக்கு வாங்கியது புதிய மாடலுக்கு ஆகாமல் போவதும் உண்டு. இதில் எவ்வளவு பணம் புரள்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அக்கு செக் என்ற சுகர் மெஷினை வைத்திருந்த போரிங்கர் மன்ஹைம் கம்பெனியை சுவிஸ் மருந்து கம்பெனி ரோஷ் வாங்கியபோது கொடுத்த விலை சுமார் 1,100 கோடி டாலர். அந்த நிறுவனத்தில் வேறு பல தொழில்களும் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் ஒரு சொட்டு ரத்தத்துக்குப் பின்னால் எப்படிப்பட்ட முதலாளிகள் நிற்கிறார்கள் என்று புரியும்.

இதற்கு நடுவே ஒன்று, “லேப்ல 162, வீட்டு மெஷின்ல 181, மெஷின் பொய் சொல்லுது” என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சர்க்கரை 100க்கு மேல் இருக்கும்போது 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்று சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், மாம்பழம் உரித்த விரலில் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துத்தான் காட்டும். டப்பாவைத் திறந்து போட்டால் ஸ்ட்ரிப் ஈரம் இழுத்துவிடும்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொல்கிறது. 2021இல் மத்திய அரசு குளுக்கோமீட்டர் உட்பட ஐந்து கருவிகளின் வியாபார லாபத்துக்கு 70 சதவீதம் என்று வரம்பு வைத்தது, 2025 செப்டம்பரில் மெஷினுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டியை 12இலிருந்து 5 ஆக்கினார்கள். நல்லதுதான், ஆனால் 20 ரூபாயில் ஒன்றேகால் ரூபாய் குறைந்தால் அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டிப் பார்க்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதை நான் முழு மனதோடு பாராட்டுகிறேன். ஆனால் மாதம் ஒரு தடவை வேறொருவர் வந்து பார்ப்பது ஊசி போடுகிறவருக்குப் போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு வேர்க்கும்போது பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிக்க யோசிக்கிற நிலை யாருக்கும் வரக் கூடாது.

இன்சுலின் கொடுக்கும்போது ஸ்ட்ரிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், மாதத்துக்குக் குறைந்தது ஐம்பது. எல்லாருக்கும் கேட்கவில்லை, இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும். மாநிலம் முழுவதுக்கும் மொத்தமாக டெண்டர் விட்டால் கடை விலைக்கா வாங்குவார்கள்? மருந்துகளை அப்படி மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்துக் காட்டிய அரசு நிறுவனம் நம்மிடம்தானே இருக்கிறது.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரியவர்களுக்கு ஸ்ட்ரிப் கையில் கொடுத்து அனுப்புகிறார்களா? கொடுத்தால் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். எங்கள் பக்கம் இல்லை என்றுதான் அக்கா சொல்கிறார், வருகிற திங்கட்கிழமை அவரோடு நானும் போய்க் கேட்கப் போகிறேன்.