வீட்டுக்குள் ஓசோன் மெஷின் நுரையீரலைச் சுத்தம் செய்யாது

“ஓசோன் பூமியைக் காக்கும் வாயு, வீட்டில் ஓசோன் மெஷின் ஓட்டினால் நுரையீரல் சுத்தமாகும்” என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள், இது தவறு.

சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற ஓசோன் புறஊதாக் கதிர்களைத் தடுக்கிறது, அது சரி. ஆனால் மெஷின் அறைக்குள் விடும் அதே வாயுவை மூச்சில் இழுத்தால் மூச்சுக்குழாயின் உட்சுவர் புண்பட்டு வீங்கும். இருமல், நெஞ்சு எரிச்சல், ஆழமாக மூச்சிழுக்க முடியாத நிலை, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இழுப்பு, எல்லாம் வரலாம்.

தரைமட்ட ஓசோன் பெரும்பாலும் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை. வண்டிகளும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயிண்ட் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிவதால்தான் அது உருவாகிறது, அதனால் வானம் பளிச்சென்று இருக்கிற மத்தியானத்தில்கூட அது உச்சத்தில் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. தூசியைத் தடுக்கும் சாதாரண முகக்கவசம் இந்த வாயுவை நிறுத்தாது.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். மூடிய அறையில் ஓடும் மெஷின் இதைத் தாண்டிவிடக்கூடும். அப்புறம் வாசனைப் பொருள்கள், துப்புரவுத் திரவங்களோடு ஓசோன் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வேறு உண்டாகும். கிருமியைக் கொல்லும் அளவுக்கு ஓசோன் வேண்டுமென்றால் அந்த அறையில் மனிதர்கள் இருக்கவே கூடாது. குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் அந்த மெஷினை இன்றே அணைத்துவிடுங்கள்.