ஆஃப்செட் வேறு, கோணல் வேறு

"இரண்டு பக்கமும் வீல்பேஸ் சமமா இருந்தா பின் ஆக்ஸில் நேரா இருக்கு, ஆக்ஸிலை வலப்பக்கம் தள்ளி வெச்சா கார் இடப்பக்கம் ஓடும்" என்று ஓவல் ரேஸ் கார் பற்றிய பதிவில் எழுதியிருக்கீங்க. (வீல்பேஸ் என்பது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்.) இரண்டுமே தவறான வழி காட்டும்.

இடப்பக்கமே வளையும் நீள்வட்டப் பாதையில் ஓடும் ஓவல் கார்களில் காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) இருபுறமும் வேறுபடும், ஒரு முன்சக்கரம் சற்றுப் பின்னாலேயே நிற்கலாம். அதிலிருந்து அளந்து பின் ஆக்ஸிலைச் சமன் செய்தால் அந்தப் பிழையைப் பின்னாலும் கொண்டுவந்து சேர்த்தாச்சு. சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) நடுக்கோட்டுக்கு இணையா இருபுறமும் நூல் கட்டி, பின்சக்கரத்தின் முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டிலும் அளங்க. முன்விளிம்பு ஒரு பக்கம் உள்ளே, மறுபக்கம் அதே அளவு வெளியே திரும்பியிருந்தால் ஆக்ஸில் கோணல், அதாவது ஒரு முனை முன்னால், மறுமுனை பின்னால். இரண்டுமே உள்ளே என்றால் ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளி உறை) வளைஞ்சிருக்கு, அது வேற தலைவலி.

அடுத்தது ஆஃப்செட், அதாவது ஆக்ஸிலைப் பக்கவாட்டில் தள்ளி வைப்பது. பான்ஹார்ட் ராடை (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கும் கம்பி) மாற்றி ஆக்ஸிலை வலப்பக்கம் நகர்த்தினால் இடப்பக்க எடை கூடும். ஆக்ஸிலின் திசை மாறாது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும் என்பது மட்டும் உண்மை. அதைத் தாண்டி காரை 'ஓட வைப்பது' கோணல்தான். 1,500 மி.மீ. அகல ஆக்ஸிலில் 6 மி.மீ. கோணல் என்றால் 0.23 டிகிரி, 2,794 மி.மீ. வீல்பேஸில் பின்சக்கரங்கள் 11 மி.மீ. ஒதுங்கி ஓடும். வலச்சக்கரம் பின்னால் போனால் வால் வெளியே போகும், முன்னால் வந்தால் இடவளைவில் முன்பக்கம் சரியாகத் திரும்பாமல் வெளியே தள்ளும்.

2012-இல் நாஸ்கார் கப் (அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத் தொடர்) கார்கள் நேர்ப்பாதையிலேயே நண்டு மாதிரி ஓடினதும் வேண்டுமென்றே வைத்த இந்தக் கோணலால்தான். வலப்பக்க பாடியில் காற்று மோதி வளைவுக்குள்ளே தள்ளுவதற்காக.