ஓட்டு இல்லாத ஜென்மம்

காலையில் கௌரவ விரிவுரையாளர், மாலையில் பகுதிநேர முனைவர் பட்ட மாணவி. இதுதான் என் பிழைப்பு. மாணவர் பேரவைத் தேர்தல் வந்தது. பட்டியலில் என் பெயர் இல்லை. கேட்டால், "நீங்க பாடம் எடுக்கிறீங்களே மேடம், ஸ்டாஃப் ஆச்சே" என்றார்கள். சரி என்று, பல்கலைக்கழகத்தின் பேரவையான செனட்டுக்கு நடக்கும் தேர்தலில் ஆசிரியர் தொகுதிப் பட்டியலைப் பார்த்தேன். "அது நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும், நீங்க ஸ்காலர் தானே?"

தேர்வுக் கட்டணம் கட்டும்போது மட்டும் நான் சுத்தமான மாணவி. விடைத்தாள் திருத்த ஆள் குறைந்தால் உடனே பேராசிரியை ஆகிவிடுகிறேன்!

போட்டியிட ஆசையா என்று கேட்காதீர்கள். 2006இல், மாணவர் தேர்தல்களுக்கு விதிகளைப் பரிந்துரைத்த லிங்டோ குழு ஆராய்ச்சி மாணவர்களுக்கு 28 வயது உச்சவரம்பு சொன்னது, முழுநேர மாணவராகவும் இருக்க வேண்டுமாம். எனக்கு 34. அதை விடுங்கள், நான் கேட்டது ஒரு ஓட்டு.

கடைசியில் அலுவலகத்தில் ஒருவர் வழி சொன்னார்: பதிவு பெற்ற பட்டதாரியாகச் சேர்ந்தால் செனட்டின் பட்டதாரிகள் தொகுதியில் ஓட்டுப் போடலாமாம். அதற்கும் ஒரு விண்ணப்பம், ஒரு கட்டணம். கடைசித் தேதி போன வாரமே முடிந்துவிட்டது.

தேர்தலன்று வாக்குச்சாவடியில் மேற்பார்வை வேலை எனக்குத்தான் போட்டிருக்கிறார்கள்.