பழைய மைக் எல்லாமே தங்கம் இல்ல அண்ணாச்சி

"பழைய ஜெர்மன் மைக், ஆஸ்திரியா மைக் எதுனாலும் கண்ண மூடிட்டு வாங்கி பீரோல பூட்டி வைங்க, தங்கம் மாதிரி ஏறும்"னு மேல எழுதியிருக்கீய அண்ணாச்சி, அது பாதிதான் சரி. பேர மட்டும் பாத்து வாங்குனா மாட்டிக்கிடுவாவ. ஆஸ்திரியா ஏகேஜி கம்பெனியோட சி414 இபி மைக் இருக்குல்லா, ஆரம்பத்துல வந்ததுல சிகே12ங்கிற பித்தளை கேப்ஸ்யூல் (சத்தத்த வாங்குத பாகம்), பின்னால அதே பேருலயே பிளாஸ்டிக் கேப்ஸ்யூல் போட்டுட்டாவ, வெளிய பாத்தா ஒண்ணுபோலதான் தெரியும் ஆனா சவுண்டும் வேற விலையும் வேற, தொறந்து பாக்காம துட்டு குடுக்கக் கூடாது.

ஜெர்மனி நாய்மன் கம்பெனி யு47 கத இன்னும் மோசம். 1949ல வந்த மைக்கு, அதுக்குள்ள இருக்க விஎஃப்14 வால்வு (சிக்னல பெருக்குத பழைய கால டியூப்) இப்போ யாரும் செய்யது கெடையாது, பழைய எம்7 கேப்ஸ்யூல்ல உள்ள பிவிசி சவ்வு வயசாக வயசாக காஞ்சு வெடிச்சிரும். ரெண்டையும் மாத்திட்டா பாட்டு நல்லாவே ரெக்கார்ட் பண்ணலாம், ஆனா ஒரிஜினல் பார்ட்ஸுக்குன்னு குடுக்க வெல கெடைக்காது. வேலைக்கு வாங்குதது வேற, சேத்து வைக்க வாங்குதது வேற, ரெண்டும் ஒண்ணா அமையது ரொம்ப கொஞ்சம்தான்.

அப்புறம் பீரோல பூட்டுத கத. தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் உப்புக் காத்துல இந்த மாதிரி கண்டென்சர் மைக்க சும்மா போட்டு வச்சா ஈரம் ஏறி கரகரன்னு சத்தம் வரும். சிலிக்கா ஜெல் போட்டு காத்துப் புகாத டப்பால வைங்க.

பாளையங்கோட்டைல டப்பிங், வில்லுப்பாட்டு ரெக்கார்டிங்குன்னு கேட்ட தம்பிக்கு பழசே வேண்டாம்லே, 1986ல இருந்து வருத நாய்மன் யு87 ஏஐ மைக் புதுசாவே கெடைக்கி, வாரண்டியோட.