கேபிளுக்கு வீராவேசம், பார்க்கிங்குக்கு வாய்ப்பூட்டு

அமெரிக்க சிட்டி கவுன்சில்களின் இந்த நாடகத்துக்கு ஒரு அளவே இல்லையா? கேபிள் டிவி பில் ஏறினால் போதும், உறுப்பினர்கள் மேஜையைத் தட்டி முழங்குகிறார்கள். ஐயா, அந்த விலையைத் தொட உங்களுக்கு அதிகாரமே கிடையாது! அடிப்படைத் தொகுப்புக்கு மேலே இருப்பவற்றின் விலைக் கட்டுப்பாடு 1999 மார்ச்சோடு காலாவதி. போட்டி இருக்கும் ஊரில் கட்டுப்பாடு கிடையாது; எனவே அடிப்படைத் தொகுப்பும் 2015-இல் எஃப்சிசி (மத்திய தொலைத்தொடர்பு ஆணையம்) "போட்டி இருப்பதாகவே வைத்துக்கொள்வோம்" என்று சொன்னதோடு பெரும்பாலான ஊர்களில் கைநழுவிப் போனது.

ஊரில் கேபிள் நடத்த அனுமதி தருவதற்கு, கம்பெனியின் கேபிள் வருமானத்தில் 5% வரை கவுன்சில் உரிமக் கட்டணம் வாங்கலாம். அது யார் தலையில் விடியும்? நம் பில்லில் தனி வரியாக வந்து நிற்கும், பாருங்கள்.

அதிகாரம் இருக்கிற இடத்தில்தான் தூக்கம். மத்திய விதிப்படி கேபிள் கம்பெனி 90% அழைப்புகளை 30 நொடிக்குள் எடுக்க வேண்டும். ஆள் வருவதாகச் சொல்லும் நேரம் 4 மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடாது. சேவை அறுந்தால் 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். இதை அமல்படுத்த, உரிமம் கொடுத்த ஊர் 90 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு கடிதம்! (கலிபோர்னியா, டெக்சாஸ் மாதிரி மாநிலமே உரிமம் கொடுக்கும் இடங்களின் கதை வேறு.) மேஜையைத் தட்டும் கைக்கு அதை எழுத மட்டும் வலிக்கிறது.

டவுன்டவுன் பார்க்கிங்கோ முழுக்க முழுக்க கவுன்சில் கையில். அங்கே செய்வது என்ன? தெருவோரம் இலவசம், மாடி பார்க்கிங்குக்குக் காசு. மாடி காற்று வாங்கும், தெருவில் ஒரு இடத்துக்கு நாலு வண்டி வட்டமடிக்கும். கடை வாசலில் விலை ஏறி, மாடியில் இறங்க வேண்டும். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் தொண்டை வற்றக் கத்தினார்: தெரு 85% நிரம்பும் அளவுக்கு விலையை வையுங்கள் என்று. மதியம் ஒரு மணிக்குப் போய் எண்ணுங்கள். 16 இடம் உள்ள தெருவில் 16-உம் நிரம்பியிருந்தால் விலை குறைவு, 8 காலி என்றால் அதிகம். இரண்டு காலியாக இருந்தால் சரி. இதற்கு ஆலோசகர் ஒருவரை வேறு கூலிக்குப் பிடிக்கிறார்கள்!

விலைக்குப் பயந்து வைப்பது இரண்டு மணி நேர வரம்பு. கடை ஊழியர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து வண்டியை எதிர்வரிசைக்கு மாற்றிவிட்டுப் போகிறார். இடம் காலியானதா? இல்லை. டயரில் சாக்பீஸ் கோடு போட்டுப் பிடிக்கலாம் என்றால், 2019-இல் ஆறாவது சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையே அரசியல் சட்டம் கட்டுப்படுத்தும் 'சோதனை' (போலீஸ் வீட்டில் சோதனை போடுவது மாதிரி) என்று சொல்லிவிட்டது.

கலிபோர்னியாவின் பசடேனா நகரத்துப் பழைய கடைத்தெருப் பகுதியில் 1993-இல் பார்க்கிங் மீட்டர் வைத்து, வந்த காசை அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் போட்டார்கள், தெரு பிழைத்தது. சிகாகோ 2008-இல் என்ன செய்தது? 115 கோடி டாலருக்கு மீட்டர்களை ஒரு தனியார் கம்பெனிக்கு 75 ஆண்டுக் குத்தகைக்குத் தூக்கிக் கொடுத்தது. ஒப்பந்தத்தை அறிவித்த சில நாளிலேயே கவுன்சில் கை தூக்கிவிட்டது. கிட்டத்தட்ட 100 கோடி குறைத்து விற்றுவிட்டீர்கள் என்று நகரத்தின் சொந்தக் கண்காணிப்பாளரே அடுத்த வருஷம் அறிக்கை எழுதினார். இன்று தெருத் திருவிழாவுக்கு மீட்டரை மூடினால், ஊர் அந்தக் கம்பெனிக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். சொந்தத் தெருவுக்கு!