பம்பரின் நெற்றியில்தானா கேட் வைக்க இடம் கிடைத்தது?

நாமே வெட்டி ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் கார் கிட் ஒன்றைத் திறந்து, குரோம் பாகங்கள் இருக்கும் உறையைக் கிழித்து, முன் பம்பரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பாகங்கள் கொத்தாக ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தையும் பம்பரையும் பிடித்து வைத்திருக்கும் அந்தச் சின்னக் கழுத்து, கேட் என்று நாம் சொல்வது, எங்கே இருக்கிறது? மேல் விளிம்பில். கார் முடிந்து அலமாரிக்குப் போன பிறகு பார்க்கிறவர் கண் முதலில் போய் விழும் அதே இடத்தில். நிப்பர் என்ற சின்ன வெட்டுக்குறடால் நறுக்கியதும் அங்கே ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு வெள்ளைத் தழும்பு. சுற்றிலும் பளபளவென்று குரோம், நடுவில் பல் விழுந்த பொக்கை. 1/24 அளவில் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் நிஜக் காரில் 36 மில்லிமீட்டர். இரண்டு விரல் அகலத்துக்குக் குரோம் உரிந்த பம்பரோடு ஒரு புதுக் காரை யார் வாங்குவார்கள்? மாடலில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு வாங்க வேண்டும்?

கத்தி எவ்வளவு கூர், கை எவ்வளவு நிதானம் என்பதற்கெல்லாம் இங்கே வேலையே இல்லை. கிட்டில் வரும் அந்தப் பளபளப்பு குரோமியமே கிடையாது. பாகங்கள் சட்டத்தில் இருக்கும்போதே அவற்றின் மேல் லாக்கர் என்ற வார்னிஷ் போன்ற பூச்சைப் பூசி, வெற்றிட அறையில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். சட்டத்தோடு சேர்த்துப் பூச்சு ஏறுவதால் வெட்டுகிற இடமெல்லாம் அம்மணமாகத்தான் நிற்கும். எப்பேர்ப்பட்ட கைகாரர் வெட்டினாலும் இதேதான். இதில் மோல்டு கோடு வேறு. அச்சின் இரண்டு பாதியும் சேருகிற கோடு பம்பரின் முகத்தில் நீளவாட்டில் ஓடும். அதைச் சீவாமலேயே மேலே அலுமினியத்தை ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். மங்கலான பிளாஸ்டிக்கில் கண்ணுக்கே படாத கோடு, பளபளப்பு ஏறியதும் கத்திக் கீறல் போலத் தெரிகிறது. சீவினால் குரோம் போகும், சீவாவிட்டால் கோடு நிற்கும்.

ஒட்டும்போது அடுத்த அடி. பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை, கிட் பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துத்தான் ஒட்டும். நடுவில் அலுமினியமும் லாக்கரும் இருந்தால் அது எதைக் கரைக்கும்? கிரில் பூச்சின் மேல்தோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஒருநாள் துடைக்கும்போது தோலோடு கழன்று விழும். அதனால் ஒட்டும் இடம் ஒவ்வொன்றையும் கத்தி முனையால் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்கை வெளியே கொண்டுவர வேண்டும். ஹெட்லைட் குழி, ஆக்சில் முனை, கண்ணாடித் தண்டு என்று ஒன்று விடாமல். சில விளக்கத்தாள்களில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது.

சரி, உருப்படியாக்க என்ன வழி? தழும்பு சின்னதாக இருந்தால் மோலோட்டோ லிக்விட் குரோம் பேனாவால் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் முழுக்க யாரும் தொடாமல் விடலாம். விரல் பட்டால் மங்கிவிடும். நேரான விளிம்பாக இருந்தால் பேர்-மெட்டல் ஃபாயில் என்ற மெல்லிய ஒட்டும் உலோகத் தாளை ஒட்டலாம், ஆனால் இரண்டு திசையிலும் வளைகிற மூலைகளில் அது சுருங்கும். ஒழுங்காக வர வேண்டும் என்றால் மொத்தக் குரோமையும் உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான்.

பாகங்களை வீட்டுப் பிளீச்சில் மூழ்கவைக்க வேண்டும். அலுமினியம் சில கிட்களில் நிமிஷத்தில் போகும், சிலவற்றில் மணிக்கணக்காகும். கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அந்தப் பிளீச்சில் அமோனியாவோ அமிலமோ கலந்துவிடவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். அலுமினியம் போன பிறகும் அடியில் இருந்த லாக்கர் மஞ்சளாக நிற்கும். அது தடிமனாகக் கிரில் கோடுகளை அடைத்திருந்தால் அதையும் எடுக்க வேண்டும். பிறகு மோல்டு கோட்டை 600 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, 1000, 2000 என்று மென்மையாக்கி, பிரைமர் அடித்து, அதன் மேல் பளபளப்பான கறுப்பு. குரோமின் பளபளப்பு மொத்தமும் இந்தக் கறுப்பைப் பொறுத்தது. அதில் ஒரு தூசி இருந்தால் குரோமில் அது பத்தாகத் தெரியும். கறுப்பு நன்றாக இறுகிய பிறகு ஏர்பிரஷ் என்ற சின்ன பெயின்ட் தெளிப்பானில் 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் குரோம் பெயின்ட்டை மெல்லிய படலமாக, ஈரம் தேங்காமல் விட வேண்டும். அவசரப்பட்டு அதிகம் அடித்தால் வெறும் வெள்ளி நிறம்தான் மிஞ்சும். மேலே நிறமற்ற கிளியர் கோட் அடித்தாலும் பெரும்பாலும் அதே கதி.

ஒரு பம்பர், ஒரு கிரில், நாலு சக்கரத்துக்கு இவ்வளவு பாடு, நாள் கணக்கில். எதற்காக? அச்சு வெட்டும்போது அந்தக் கழுத்தை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, பம்பரின் பின்பக்கத்தில் வைக்கவில்லை என்பதற்காக!

முடியாத காரியத்தை யாரும் கேட்கவில்லை. கன்டாம் ரோபோ கிட்களில் பூச்சு ஏறிய பாகங்களுக்குக் கேட் அடிப்பக்கம் வருவதை அந்தப் பக்கம் போய்வந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள், அண்டர்கேட் என்பார்கள். வெட்டுக்காயம் இன்னொரு பாகத்துக்கு அடியில் மறைந்துவிடும். ஒரு கேட்டுக்கு இரண்டு வெட்டு போட வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் வேலை. அங்கே முடிவது கார் பம்பருக்கு மட்டும் முடியாதா? கார் கிட்டில் குரோம்தானே முகம்!

கண்ணாடிக்கு வருவோம். கார் மாடலில் ஒளிந்துகொள்ளவே முடியாத பாகம் அது. உடலில் கீறல் விழுந்தால் மறுபடி பெயின்ட் அடிக்கலாம். முன்கண்ணாடியில் விழுந்தால் எதை வைத்து மூடுவது? அப்படிப்பட்ட பாகத்தை, இன்னொரு சட்டத்தின் கூர்முனைகளோடு ஒரே உறையில் திணித்து அனுப்புகிறார்கள். பெட்டி குலுங்கக் குலுங்க உள்ளே ஒன்றையொன்று உரசி, கைக்கு வரும்போதே நடுக் கண்ணாடியில் ஒரு கீறல். தனியாக ஒரு உறை போட்டால் என்ன?

கண்ணாடியின் கேட்டும் நுட்பமான இடத்தில்தான் இருக்கும், விளிம்பை ஒட்டி, தடிமனாக. தெளிவான பாலிஸ்டைரீன் மொறுமொறு ரகம். கேட்டை விளிம்போடு ஒட்ட நறுக்கினால் விரிசல் கண்ணாடிக்குள்ளேயே ஓடும். மூன்று மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தை நுண்ரம்பத்தாலோ உப்புத்தாளாலோ கரைத்துக்கொண்டு வர வேண்டும். நடுவில் இருக்கும் கீறலுக்கு 2000, 4000, 8000, 12000 என்று படிப்படியாக, தண்ணீர் வைத்து, ஒவ்வொரு படியிலும் திசையை மாற்றித் தேய்த்து, கடைசியில் பாலிஷ். ஒரு படியைத் தாண்டினால் முந்தைய தாளின் கோடுகள் பாலிஷில் எழுந்து நிற்கும்.

அப்படித் தேய்த்து எடுத்த பிறகும் தடிமன் காட்டிக்கொடுக்கும். நிஜக் கார் முன்கண்ணாடி சுமார் 5 மில்லிமீட்டர். 1/24 அளவில் அது 0.2 மில்லிமீட்டர். கிட்டில் வருவது ஒரு மில்லிமீட்டரைத் தொடுகிறது, அதாவது நிஜத்தில் 24 மில்லிமீட்டர். முன், பின், கூரை எல்லாவற்றையும் ஒரே தொட்டியாக வார்த்து உள்ளிருந்து ஒட்டச் சொல்லும் கிட்களில் விளிம்பெல்லாம் முப்பட்டகம் போல வானவில் காட்டும். உள்ளே டாஷ்போர்டுக்கு மணிக்கணக்கில் செய்த வேலை அலையலையாகத் தெரியும்.

இதற்கு மேல் சூப்பர் குளூவைப் பரிந்துரைக்கிறவர்கள் வேறு. தயவுசெய்து புதியவர்களிடம் அதைச் சொல்லாதீர்கள். அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி, கண்ணாடி மேல் வெள்ளைப் புகையாகப் படியும். கண்ணாடியில் ஒரு சொட்டுகூட வைக்காமல் சீட்டை மட்டும் ஒட்டியிருந்தாலும், ஆவி அடங்குவதற்குள் உடலைக் கவிழ்த்து மூடிவிட்டால் உள்ளே படியும். அப்புறம் துடைக்கக் கை எப்படிப் போகும்? கண்ணாடிக்கு வெள்ளைப் பசையோ, தெளிவாகக் காயும் அக்ரிலிக் பசையோ போதும். நீர்த்த பிளாஸ்டிக் சிமென்ட்டோ விளிம்பு வழியே தானாக உள்ளே இழுத்துக்கொண்டு ஓடி, ஓடிய வழியை நிரந்தரமாக அரித்து வைத்துவிடும்.

ஆனால் வயிற்றெரிச்சலின் உச்சம் டயர். மென்மையான வினைல் டயரில் அதை மென்மையாக வைக்கும் பிளாஸ்டிசைசர் இருக்கும். அது நாளாக ஆகக் கசிந்து வெளியே வரும், பாலிஸ்டைரீனைத் தொட்டால் கரைக்கும். மாடல் செய்கிற எல்லோருக்கும் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி இது. ஆனாலும் டயரை உறையில்லாமல் பெட்டிக்குள் போட்டு அனுப்பும் கிட்கள் இருக்கின்றன. பழைய கிட்டை ஆசையாகத் திறந்தால், முன்கண்ணாடியில் டயரின் ட்ரெட் அப்படியே பதிந்திருக்கும். ஒவ்வொரு கட்டமும் எண்ணிவிடலாம், ஈரச் சிமென்ட் தரையில் டயர் ஏறிப்போன மாதிரி. அந்தப் பள்ளத்தைச் சமமாகத் தேய்த்தால் கண்ணாடி வளைந்து பார்வை கோணும். ஒரு திசையில் மட்டும் வளையும் கண்ணாடியாக இருந்தால் 0.25 மில்லிமீட்டர் தெளிவான தாளில் வெட்டித் தப்பிக்கலாம். இரண்டு திசையிலும் வளைந்தால், அந்த ஒரு துண்டுக்காக இன்னொரு கிட்டைத் தேட வேண்டியதுதான். ஒரு சின்னப் பாலித்தீன் பை செய்திருக்கும் வேலை!

ஆகவே கிட் வாங்கிய அன்றே, செய்யப் போவது பத்து வருஷம் கழித்து என்றாலும், பெட்டியைத் திறந்து டயரை எடுத்துத் தனிப் பாலித்தீன் பையில் போடுங்கள். கண்ணாடியை மெல்லிய தாளில் சுற்றுங்கள். காரில் ஒட்டும் எழுத்து, சின்னத் தாளான டெக்காலை ஜிப் பையில் வைத்துக் காற்றும் ஈரமும் புகாமல் மூடுங்கள். சக்கரம் பூட்டும்போது ரிம்மில் டயர் உட்காரும் பள்ளத்துக்குச் சமையலறை அலுமினியத் தாளை மெல்லிய பட்டையாக வெட்டிச் சுற்றினால் ரிம் பிழைக்கும்.

சிவப்புப் பிளாஸ்டிக்கில் உடலை வார்ப்பதையும் சொல்லாமல் விட முடியாது. மேலே வெள்ளை லாக்கர் பெயின்ட் அடித்தால் அது அடியில் இருக்கும் சாயத்தைக் கரைத்து இழுத்து ரோஜா நிறமாகும், சில சமயம் நாலு நாள் கழித்து. வெள்ளி நிறத்தில் ஒரு படலம் நடுவில் போட்டுத் தடுக்க வேண்டும். வெள்ளையிலேயே வார்த்திருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? "அதைச் சரி பண்றதுதானே இந்த ஹாபியே!" இந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றையும்விட அதிகம் எரிகிறது. திறமை என்பது பெயின்ட் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகாமல் பார்ப்பது, எஞ்சினுக்கு ஒயர் இழுப்பது, கதவுக் கோட்டைப் பெயின்ட் அடைக்காமல் முன்கூட்டியே ஆழப்படுத்துவது. பூட்டப்படாத டயர் பெட்டிக்குள்ளேயே கண்ணாடியைத் தின்றதைச் சரிசெய்வது யாருடைய ஹாபி? அது தொழிற்சாலை விட்டுவைத்த வேலை. அதை நாம் பெருமையாகச் சுமக்கிறவரைக்கும் அவர்கள் ஏன் மாற வேண்டும்?

அடி வாங்குவது யார் தெரியுமா? முதல் கிட் வாங்கியவர். பம்பரை வெட்டி, தழும்பைப் பார்த்துவிட்டு, தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். அவர் தயங்கித் தயங்கிப் படம் போட்டுக் கேட்டால், கீழே ஐந்து பேர் "ஏர்பிரஷ் வாங்குங்க" என்பார்கள். ஒருவர்கூட "இது உங்க தப்பு இல்லை, கேட்டை அங்கே வெச்சதுதான் தப்பு" என்று சொல்வதில்லை. அவர் இரண்டாவது கிட் வாங்க மாட்டார். நாம் அப்புறம் கூட்டம் குறைகிறது என்று அங்கலாய்ப்போம்.

புதுக் கிட் விமர்சனங்களும் இதற்கு உடந்தை. பெட்டிப் படத்தை நாலு கோணத்தில் காட்டுகிறார்கள். சட்டங்களை மேஜையில் பரப்பி ஒரு மீட்டர் தூரத்திலிருந்து ஒரு படம். "டீட்டெயில் அருமை" என்று ஒரு வரி. வாங்கப் போகிறவருக்கு இதனால் என்ன பிரயோஜனம்? கோடு போட்ட தாளின் மேல் முன்கண்ணாடியைப் பிடித்து ஒரு படம் எடுங்கள், கோடு நெளிகிறதா என்று தெரிந்துவிடும். காலிப்பர் என்ற அளவுகருவியை வைத்து அதன் தடிமனைச் சொல்லுங்கள். டயர் தனி உறையில் வந்ததா, உடல் எந்த நிறப் பிளாஸ்டிக், கூரைத் தூணில் மோல்டு கோடு எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். கீறலோடு வந்த கண்ணாடியைப் பாலிஷ் போட்டு மறைப்பதற்கு முன்னால் படம் எடுத்து, சட்டத்தின் எழுத்தையும் பாக எண்ணையும் குறித்துத் தயாரித்தவருக்கே அனுப்பி மாற்றுப் பாகம் கேளுங்கள், ஒவ்வொரு முறையும், சலிக்காமல். விமர்சனத்தில் பெட்டிப் படத்துக்கு முன்னால், முதல் படமாகவே, அந்த முன் பம்பரின் கேட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டுங்கள்.